லண்டனில் பார்த்த சயாம் பாலம்

1989 ஜூலை. சுபாங் விமான நிலையத்தில் கிளம்பிய விமானம் துபாயில் ஒரு தடவை இறங்கி ஏறி, சனிக்கிழமை காலை ஹீத்ரோவில் தரை தொட்டபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஈப்போவில் முப்பது ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணமா?" என்று குடிநுழைவு அதிகாரி கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது உண்மை இல்லை என்று உறைத்தது. பத்தொன்பது வயதில் சயாம் வழியாகப் பர்மாவுக்குப் போய் வந்திருக்கிறேன். அந்தப் பயணத்தில் என்னிடம் கடப்பிதழ் கேட்டவர் யாரும் இல்லை. தோளில் துப்பாக்கி இருந்தது.

வெளியே மகள் செல்வியும் மருமகன் யோகனும் நின்றார்கள். செல்வி கணக்காய்வு படிக்க இங்கே வந்தவள்; படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலையில் சேர்ந்தாள். யோகன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மின்பொறியாளர்.

"களைச்சுப் போனியளோ மாமி? பெட்டியை விடுங்கோ, நான் கொண்டு வாறன்" என்றார்.

"இல்ல தம்பி, விமானத்துல தூங்கிட்டேன்" என்றேன். எங்கள் மலேசியத் தமிழுக்கும் அவருடைய தமிழுக்கும் நடுவில் நின்று வளர்ந்த என் பேத்தி இரண்டிலும் பதில் சொல்லாமல் ஆங்கிலத்தில் "ஹலோ அம்மம்மா" என்றாள்.

ஹீத்ரோவிலிருந்து அவர்கள் வீடு இருக்கும் இல்ஃபோர்டுக்கு முப்பது மைல். நகரத்தின் வடக்கு விளிம்பைச் சுற்றிப் போகும் சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் கைக்குட்டை அளவு தோட்டம். தோட்டம் என்றால் எனக்கு ரப்பர் தோட்டம்தான் ஞாபகம் வரும். இங்கே ஒரு ரோஜாச் செடியும் குப்பைத் தொட்டியும் இருந்தாலே அதற்குத் தோட்டம் என்று பெயர்.

முதல் வாரம் ஊரைப் பார்த்தேன். முருகன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்தோம். கடைத்தெருவில் முருங்கைக்காய் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. விலையைக் கேட்டதும் அதை அங்கேயே தூங்க விட்டுவிட்டேன்.

மாலைகளில் யோகன் வீடியோ போடுவார். கூடத்துச் சுவரில் ஒரு அலமாரி நிறையப் பழைய போர்ப் படங்கள். நீர்மூழ்கிக் கப்பல், பாலைவனத்து டாங்கி, சிறையிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்பும் கைதிகள் என்று எல்லாம் இருந்தன. யாழ்ப்பாணத்தில் அவருடைய தாயும் தங்கையும் அப்போது நிஜமான சண்டைக்கு நடுவில் இருந்தார்கள். தொலைபேசி கிடைக்காத நாட்களில்தான் அவர் அதிகம் படம் பார்த்தார்.

ஒரு நாள் கேட்டேன்: "ஏன் தம்பி, இவ்வளவு கவலைக்கு நடுவுல இதைப் போய்ப் பார்க்கிறீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "இதுகளிலை முடிவு என்னெண்டு முன்னமே தெரியும் மாமி. அதுதான்."

அதன் பிறகு நானும் அவரோடு உட்கார்ந்தேன். வீட்டுக்குள் சின்னத் திரையில் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. ஆனால் இரண்டாம் வாரத்தில் அவர் ஒரு செய்தியோடு வந்தார். தேம்ஸ் நதியின் தென்கரையில் ஒரு சிறிய திரையரங்கில் பழைய போர்ப் படங்களைத் திரையிட்டு, ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதன் பின்னால் இருக்கும் உண்மை வரலாற்றைப் பற்றிப் பேச ஆளையும் அழைத்திருந்தார்கள். நாலு சீட்டு வாங்கிவிட்டார். ஒன்று மூன்றரைப் பவுண்டு, எங்கள் மலேசியப் பணத்தில் பதினைந்து வெள்ளி.

"சயாம் ரயில் பாதையிலை பாலம் கட்டின கதை மாமி. படம் எடுத்தது எங்கை தெரியுமோ? எங்கட நாட்டிலை! சிலோன் ஆத்திலை பாலம் கட்டி, அதை வெடி வைச்சு உடைச்சவங்கள்" என்றார் பெருமையோடு.

எந்தப் படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அது ஈப்போவுக்கு வந்தபோது மருத்துவமனையே திரண்டு போனது. நான் மற்ற தாதிகளின் வேலை நேரத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வார்டில் இருந்துவிட்டேன். அந்தப் படம் மட்டுமில்லை, எந்தப் படத்துக்கும் போனதில்லை. கொட்டகைக்குள் கால் வைத்து நாற்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

"நான் வரல தம்பி" என்றேன்.

"அம்மா தியேட்டருக்கு வர மாட்டாங்க. எங்க அப்பா கூப்பிட்டே வந்ததில்ல" என்றாள் செல்வி. காரணம் அவளுக்கும் முழுதாகத் தெரியாது. அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன்.

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்து டவுனில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று அறிவித்தார்கள். என் அண்ணன் வேலாயுதம் ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்காரன். இருபத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போனான். படம் ஓடும்போதே கதவுகளைச் சாத்தினார்கள். பின்வாசலில் லாரிகள் நின்றன. உள்ளே இருந்த வாலிபர்களை அப்படியே ஏற்றிச் சயாமுக்கு, ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். இந்த மாதிரி பல ஊர்களில் நடந்தது. மறுநாள் அம்மா கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்தாள். அங்கே செருப்புகள்தான் கிடந்தன.

"அப்ப நீங்க பட்டாளத்துல சேர்ந்தது?" என்று கேட்டாள் செல்வி.

"அதுக்குப் பிறகு."

இந்தியாவின் விடுதலைக்காக மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அப்போது ஒரு படை திரட்டினார்கள். அதில் பெண்களுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர் சேர்ந்தோம். அந்தப் படை சயாம் வழியாகப் பர்மாவுக்குப் போகும் என்று கேள்விப்பட்டதும் கையைத் தூக்கினேன். விடுதலை வேண்டும் என்று நினைத்தது நிஜம். அண்ணனைத் தேடலாம் என்று நினைத்ததும் நிஜம். அவனைப் பிடித்துப் போனவன் எங்கள் படைக்குக் கூட்டாளி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வேறு எந்த ரயில் கிடைக்கும்?

யோகன் மெதுவாகச் சொன்னார்: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி. நான் டிக்கெட்டைத் திருப்பிக் குடுக்கிறன்."

இரவெல்லாம் யோசித்தேன். அந்த ரயிலில் போனவள் நான். அந்தப் பாலத்தைக் கடந்தவள். அதைப் பற்றி லண்டனில் உட்கார்ந்து பேசப் போகிறார்கள். நான் இல்ஃபோர்டில் சமையல் செய்துகொண்டிருப்பதா? காலையில் "திருப்பிக் கொடுக்க வேணாம் தம்பி, போவோம்" என்றேன்.

செல்விக்கு வேறு பயம் வந்தது. "வாங்கம்மா, ஆனா கேள்வி நேரத்துல எதுவும் சொல்லிடாதீங்க. இங்க அந்தப் படைன்னா ஜப்பான்காரனோட ஆளுங்கன்னு நினைப்பாங்க. கைதியா இருந்தவங்க வருவாங்க."

"சரி" என்றேன். அப்போது அதை நான் மனசாரத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை மதியம் இல்ஃபோர்டிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு ரயில். அங்கிருந்து சுரங்க ரயிலில் ஒரு இடத்தில் மாறி வாட்டர்லூ. பேத்தி பக்கத்து வீட்டில் விளையாட நின்றுவிட்டாள். அரங்கில் அவளுடைய இருக்கையில் என் கைப்பை உட்கார்ந்தது. வெளியே நல்ல வெயில். நதி ஓரத்தில் மக்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நடந்தார்கள். தேம்ஸ் நான் நினைத்ததைவிட அகலம், நான் நினைத்ததைவிட அழுக்கு.

உள்ளே நுழைந்ததும் வாசல் ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்கினேன். விளக்கு அணைந்தது. கதவைச் சாத்தினார்கள். நான் கதவையே திரும்பிப் பார்த்தேன். யோகன் எழுந்து போய், கதவுக்குப் பக்கத்தில் நின்ற ஊழியரிடம் ஏதோ பேசினார். அந்தப் பெண் கதவை ஒரு சாண் திறந்து வைத்தாள். வெளியே இருந்து ஒரு கீற்று வெளிச்சம் என் காலடி வரை வந்தது. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் முழுப் படத்தையும் பார்த்தேன்.

படம் நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். காடு நிஜக் காடு, வெயில் நிஜ வெயில். கைதிகளின் கிழிந்த சட்டை, தளபதிகளின் வீறாப்பு, கடைசியில் வெடித்துச் சிதறும் மரப் பாலம் எல்லாம் இருந்தன. யோகன் நடுவில் குனிந்து, "அந்த ஜப்பான் சிப்பாய் வேஷத்திலை நிக்கிறவர் எங்கட ஊர் ஆள் மாதிரிக் கிடக்கு மாமி" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் நேரம் போகப் போக நான் ஒரே ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் முகம் கிடைக்காது என்று தெரியும். மண்வெட்டியோடு ஒரு தமிழன், தலையில் துண்டு கட்டிய ஒருவன், தூரத்தில் நின்றாலும் போதும் என்று பார்த்தேன். படம் முடிந்தது. ஒருவன்கூட வரவில்லை.

விளக்கு எரிந்ததும் மேடையில் இரண்டு நாற்காலி போட்டார்கள். ஒன்றில் வரலாறு கற்பிக்கும் ஓர் இளம்பெண். மற்றதில் எழுபது வயதுக்காரர் ஒருவர். பெயர் டென்னிஸ். தென் லண்டனில், சட்டனில் இருப்பவர், அச்சகத்தில் வேலை பார்த்தவர். அந்தப் பாதையில் கைதியாக உழைத்து உயிரோடு திரும்பியவர். ஒல்லியான மனிதர், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நல்ல படம். ஆனால் அந்த இடம் இது இல்லை" என்று தொடங்கினார். உண்மையான பாலம் இரும்புப் பாலம் என்றார். அதன்மேல் மாதக்கணக்கில் ரயில் ஓடியது, விமானங்கள் குண்டு போட்ட பிறகுதான் உடைந்தது என்றார். தன்னோடு இருந்து செத்தவர்களைப் பற்றிச் சொன்னார். வயிற்றுப்போக்கு, காலரா, காலில் அழுகும் புண். அவர் சொன்ன ஒவ்வொரு நோயையும் நான் கையால் தொட்டிருக்கிறேன்.

கேள்வி நேரம் வந்தது. ஒருவர் படப்பிடிப்பைப் பற்றிக் கேட்டார். இன்னொருவர், "பாதையை முழுக்க நம் கைதிகள்தான் போட்டார்களா?" என்றார். டென்னிஸ் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். செல்வி என் புடவையைப் பிடித்தாள்.

"இல்லை" என்றேன் ஆங்கிலத்தில். "தமிழர்களும் போட்டார்கள். மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள். மலாய்க்காரர்கள், பர்மாக்காரர்கள் எல்லாரும். உங்கள் ஆட்களைவிடப் பல மடங்கு செத்தார்கள். அவர்களுக்கு டாக்டர் இல்லை. என் அண்ணன்..."

அங்கே என் ஆங்கிலம் நின்றுவிட்டது. முப்பது வருஷம் வார்டில் பேசிய ஆங்கிலம், அண்ணன் என்ற இடத்தில் வரவில்லை. அரங்கம் திரும்பிப் பார்த்தது. அப்போது செல்வி என் பக்கத்தில் எழுந்து நின்றாள்.

"அம்மா, தமிழ்ல சொல்லுங்க. நான் சொல்றேன்."

தமிழில் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். இலவசப் படம் காட்டிப் பிடித்துப் போனதைச் சொன்னேன். பிறகு, அவள் பயந்த அந்த விஷயத்தையும் சொன்னேன்: நான் இந்திய விடுதலைப் படையில் சிப்பாய். 1944இல் சரக்குப் பெட்டியில் அந்தப் பாதை வழியாகப் பர்மாவுக்குப் போனோம். செல்வி ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஒரு சொல்லையும் விடாமல், என்னைவிட உரக்கச் சொன்னாள். நான் தொடர்ந்தேன்:

"ரயில் நிற்கிற இடத்திலெல்லாம் எலும்புக்கூடு மாதிரி ஆட்கள் வருவார்கள். எங்களைப் பார்த்ததும், 'எந்தத் தோட்டம்மா?' என்று தமிழில் கேட்பார்கள். நாங்கள் எங்கள் தோட்டத்துப் பெயரைக் கத்துவோம். எங்கள் சாப்பாட்டை இறக்கிக் கொடுத்தோம். காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய் கத்தினான். எங்கள் பிரிவுத் தலைவி துப்பாக்கியோடு இறங்கி அவன் முன்னால் நின்றாள். சோறு கொடுத்து முடிக்கும்வரை நகரவில்லை. நான் ஒவ்வொரு இடத்திலும் வேலாயுதம் என்று கேட்டேன். பாதையில் மேலே, எங்கள் பக்கத்து ஆட்கள் இருந்த ஒரு முகாமில் காலரா வந்து, முகாமே இல்லாமல் போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். அவ்வளவுதான் கிடைத்தது."

உட்கார்ந்தேன். யாரும் கை தட்டவில்லை. செல்வி என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மேடையில் டென்னிஸ் எழுந்து நின்றிருந்தார். மைக்கை நாற்காலியிலேயே விட்டுவிட்டார். "அம்மா, நீங்கள் என்ன உடுத்தியிருந்தீர்கள்?" என்று கேட்டார்.

கேள்வி விளங்கவில்லை. "காக்கிச் சட்டை. காக்கிக் கால்சட்டை. தொப்பி" என்றேன்.

"தோளில் துப்பாக்கி."

"ஆமாம்."

அவர் முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "மார்ஜரி, கேட்டாயா? இருந்தார்கள்!"

பிறகுதான் எங்களுக்கு விளக்கினார். பாதை போட்டு முடித்த பின்னும் அவரைப் போன்ற கைதிகளை ரயில் எஞ்சினுக்கு விறகு வெட்ட அங்கேயே வைத்திருந்தார்களாம். ஒரு விடியற்காலையில் விறகு ஏற்ற நின்ற ரயிலிலிருந்து, காக்கி உடுத்த இந்தியப் பெண்கள் துப்பாக்கியோடு இறங்கி, கை காலை நீட்டி, பாட்டுப் பாடிக்கொண்டு நின்றதைப் பார்த்தாராம். முகாமில் சொன்னபோது மலேரியாப் பிதற்றல் என்றார்கள். ஊர் திரும்பிச் சொன்னபோதும் அப்படித்தான். மனைவி மார்ஜரிகூட நம்பவில்லை. கடைசியில் அவரே, காய்ச்சலில் கண்ட கனவுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

"அது எங்கள் ரயிலாக இருக்கலாம். எங்களுக்கு முன்னும் பின்னும் போனவர்களாகவும் இருக்கலாம்" என்றேன்.

"பரவாயில்லை. எனக்குப் பைத்தியம் இல்லை. அது போதும்" என்றார். அரங்கம் சிரித்தது, சிரித்தபடியே கை தட்டத் தொடங்கியது. யோகன் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று தட்டினார். எனக்கு மார்பு நிமிர்ந்தது. சீருடையில் நின்ற நாளுக்குப் பிறகு அப்படி நிமிர்ந்ததில்லை.

வெளியே நதிக்கரைக்கு வந்ததும் செல்வி, "பிரிவுத் தலைவி அவன் முன்னாடி நின்னதை ஏம்மா எனக்குச் சொன்னதே இல்ல?" என்றாள்.

"நீ கேட்டதே இல்லையே."

டென்னிஸ் எங்களை விடவில்லை. அவருடைய பழைய கூட்டாளிகள் வருஷத்துக்கு ஒருமுறை சட்டனில் ஒரு சிறிய தேவாலயத்தில் கூடி, செத்தவர்களின் பெயரைச் சொல்லிப் பிரார்த்தனை செய்வார்களாம். இந்த வருஷம் அது அடுத்த ஞாயிறு. நான் வர வேண்டும் என்றார். "எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது" என்றும் சொன்னார். அந்த நேர்மைக்காகவே ஒத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை கிழக்கிலிருந்து தெற்கே லண்டனைக் குறுக்காகக் கடந்து காரில் போனோம். யோகன் தன் பங்குக்கு டை கட்டியிருந்தார். தேவாலயத்தில் ஏழெட்டுக் கிழவர்கள், கோட்டில் பதக்கங்கள். டென்னிஸ் என்னை அறிமுகப்படுத்தியதும், ஊன்றுகோலோடு இருந்த ஒருவர் முகம் இறுகியது. கறாராகக் கேட்டார்: "அப்போது நீங்கள் எந்தப் பக்கம்?"

"என் நாட்டின் பக்கம். நீங்கள்?"

அவர் என்னையே பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. "நானும் அப்படித்தான்" என்றார் கடைசியில். சிரிக்கவில்லை. ஆனால் பெஞ்சில் ஊன்றுகோலை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். பிரார்த்தனை முடியும்வரை அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர்களுடைய முறை எளிமையானது. ஒருவர் எழுந்து, செத்த நண்பனின் பெயர், வயது, தொழில் சொல்வார். மற்றவர்கள் அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்வார்கள். பேக்கரிக்காரர், எழுத்தர், குதிரை லாயத்துப் பையன் என்று ஒவ்வொருவராக வந்து போனார்கள். என் முறை வந்தது. இந்தத் தடவை ஆங்கிலம் நிற்கவில்லை.

"வேலாயுதம். இருபத்து மூன்று வயது. பால்வெட்டுத் தொழிலாளி" என்றேன்.

பாதிரியார் முதலில் முயன்றார். பிறகு டென்னிஸ். பிறகு எல்லாரும். 'வேலா' ஒருவருக்கு நீண்டது, 'யுதம்' இன்னொருவருக்கு வாயில் சிக்கியது. ஊன்றுகோல்காரர் முதல் தடவை தவறாகச் சொல்லிவிட்டு, தானாகவே மறுபடி ஒருமுறை, மெதுவாக, சரியாகச் சொன்னார். பின்னால் செல்வி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் அழவில்லை.

மூன்று நாள் கழித்துத் திரும்பிவிட்டேன். இப்போது ஈப்போவில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். லண்டனில் தெருவுக்குத் தெரு போர்ச் சின்னம் இருக்கிறது. கல்லில் பெயர் வெட்டி, பூ வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் சயாமுக்குப் போனவர்களுக்கு ஒரு கல் நட்டு நான் பார்த்ததில்லை. அம்மா இறந்துவிட்டாள். தோட்டத்தில் அண்ணனைத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். போன மாதம் வரைக்கும் வேலாயுதம் என்ற பெயரை இந்த உலகத்தில் அவனுக்காகச் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். இப்போது சட்டனில் ஏழெட்டு வெள்ளைக்காரக் கிழவர்கள் இருக்கிறார்கள். இல்ஃபோர்டில் என் மகள் இருக்கிறாள்.